அடையாள அணிவகுப்பில் அந்த அம்மா தொட்டது என்னைத்தான்

தருமபுரியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை இருக்கிறது. கோர்ட்டை நம்பிப் பிழைக்கும் கடை. ஜாமீன் மனு, வக்காலத்து, நகல் மனு, சாட்சி வாக்குமூலம் என்று நாள் முழுக்கக் கையில் புரள்வது அதெல்லாம்தான். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் வருடக்கணக்காக அடித்துக் கொடுத்ததில், எந்த வழக்கு எங்கே ஓட்டை விழுந்து நிற்கிறது என்று ஓரளவுக்குப் புரியும். பிடிபட்டவரை அவரைப் போலத் தோற்றம் உள்ள வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை ஆள் காட்டச் சொல்வதுதான் அடையாள அணிவகுப்பு. அதைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஒரு முறை அந்த வரிசையில் நானே நின்றேன். சாட்சி சொல்ல வந்த அம்மா என்னைத்தான் குற்றவாளி என்று காட்டினார்.

2017-ல் நடந்தது. அப்போது வேறொருவர் கடையில் வேலைக்கு இருந்தேன். ஒல்லி உடம்பு, மாநிறம், சவரம் செய்யாத தாடி. கடைக்கு அடிக்கடி வரும் கோர்ட் ஊழியர் ஒருவர் காலையிலேயே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஒரு மணி நேர வேலை. சப் ஜெயிலுக்கு வந்துட்டுப் போகணும், மாஜிஸ்திரேட் ஆள் கேக்கறாங்க" என்றார். என் முதலாளி, "போய்ட்டு வாடா, திரும்ப விட்ருவாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செயின் பறிப்பு வழக்கு அது. பிடிபட்ட பையன் மாவட்டத்தில் உள்ள ஒரு கிளைச் சிறையில் ரிமாண்டில் இருந்தான். அவனோடு சேர்த்து நிறுத்த, அவன் வயது, உயரம், நிறம் உள்ள ஆட்கள் வேண்டும். சேலம் மத்திய சிறை மாதிரிப் பெரிய இடம் என்றால் மற்ற ரிமாண்ட் கைதிகளிலேயே ஆள் கிடைத்துவிடும். இது சின்ன ஜெயில். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் சாராய வழக்கில் வந்த நடுத்தர வயதுக்காரர்கள். அதனால் வெளியிலிருந்து டீக்கடைப் பையன், ஆட்டோ ஓட்டுபவர், என்னைப் போலச் சிலர் என்று சேர்த்திருந்தார்கள்.

உள்ளே போனதும் முதலில் நான் கவனித்தது, காக்கிச்சட்டை போலீஸ் ஒருவர்கூட இல்லை. ஜெயில் வார்டர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார் மாஜிஸ்திரேட். அந்த வழக்கு நடக்கும் கோர்ட்டின் மாஜிஸ்திரேட் இவர் இல்லை. போலீஸ் மனு கொடுத்ததும் தலைமைக் குற்றவியல் நடுவர், அதாவது மாவட்டத்தின் தலைமை மாஜிஸ்திரேட், வேறொரு மாஜிஸ்திரேட்டை இதற்கென்று நியமிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அணிவகுப்பை நடத்தியவர் பிற்பாடு விசாரணையில் சாட்சிக் கூண்டு ஏற வேண்டிவரும் என்பதால் இந்த ஏற்பாடு.

எங்கள் ஒவ்வொருவரிடமும் பெயர், அப்பா பெயர், வயது, தொழில் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் எங்களை வரிசையாக நிறுத்தி, தள்ளி நின்று பார்த்தார். வெளியிலிருந்து வந்த நாங்கள் செருப்புப் போட்டிருந்தோம். உள்ளே இருந்தவர்கள் வெறுங்காலோடு இருந்தார்கள். "எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க" என்றார். சந்தேக நபர் அழுக்கான நீலச் சட்டை போட்டிருந்தான். நாங்கள் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தோம். எங்களில் சிலரைச் சட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பையனிடம், "உனக்கு எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ நின்றுகொள். இவங்களில் யாரையாவது வேண்டாம் என்றால் சொல்" என்று கேட்டார். அவன் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒருவர் ரொம்பக் குட்டையாக இருக்கிறார் என்றான். அவரை எடுத்துவிட்டு வேறொருவரை நிறுத்தினார்கள். பையன் மூன்றாவதாக நின்றான். நான் ஆறாவது.

அன்றைக்கு இதெல்லாம் அந்த மாஜிஸ்திரேட்டின் தனிப்பட்ட நல்ல குணம் என்று நினைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, சென்னை உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் நடைமுறை விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. உடன் நிற்பவர்கள் வயது, உயரம், தோற்றம், வாழ்க்கை நிலை ஆகியவற்றில் கூடியவரை ஒத்திருக்க வேண்டும். கண்ணில் உறுத்தும் உடை யாரிடமும் இருக்கக் கூடாது. சந்தேக நபரே தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆட்சேபணை சொல்லலாம், சொன்னால் அதைப் பதிவு செய்ய வேண்டும். சாட்சிகள் அணிவகுப்பைப் பார்க்க முடியாத இடத்தில் காத்திருக்க வேண்டும், ஒவ்வொருவராக வர வேண்டும். பார்த்துவிட்டுப் போனவர் காத்திருப்பவரோடு பேசக் கூடாது. காட்டப் போகும் ஆளை முன்பே தெரியுமா, எந்த அடையாளத்தை வைத்துக் காட்டப் போகிறீர்கள் என்று சாட்சியிடம் முதலிலேயே கேட்க வேண்டும். ஆக, நான் பார்த்தது நல்ல குணம் மட்டும் இல்லை, விதி. ஆனால் அந்த விதியைச் செருப்பு வரைக்கும் கொண்டுபோவது எல்லாரும் செய்கிற காரியம் இல்லை என்பதையும் பல வழக்குக் கட்டுகளைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

அந்த அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வரிசையின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்தார். அந்தப் பையனைத் தாண்டினார். என் முன்னால் நின்றார். முகத்தையே பார்த்தார். என் தோளில் கை வைத்து, "இவன்தாங்க" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மாஜிஸ்திரேட் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுதிக்கொண்டார். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, எங்களை இடம் மாற்றி நிறுத்தினார். சட்டையையும் மாற்றிக்கொண்டோம். நம் ஊரில் பெரும்பாலும் ஒரே சாட்சியை இப்படி மூன்று முறை காட்டச் சொல்வார்கள். இரண்டாவது முறை அந்த அம்மா தயங்கவே இல்லை, நேராக என்னிடம் வந்தார். மூன்றாவது முறை தூரத்திலிருந்தே கையை நீட்டிவிட்டார். போகும்போது, "இவன் மூஞ்சிய செத்தாலும் மறக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. என் முகத்தை அவர் இன்றைக்கு வரைக்கும் மறந்திருக்க மாட்டார்.

இரண்டாவது சாட்சியாக ஒரு கல்லூரிப் பையன் வந்தான். பார்த்துவிட்டு, "தெரியலைங்க சார்" என்றான். அணிவகுப்பு முடிந்தது. மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க, உங்களுக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. நடந்ததை எழுதியிருக்கு, அவ்வளவுதான்" என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா போட்ட கூச்சல் தனிக் கதை.

அந்த அம்மா ஏன் என்னைத் தொட்டார் என்று ரொம்ப நாள் யோசித்தேன். தாடியும் ஒல்லி உடம்பும் ஒரு காரணமாக இருக்கலாம். என் சொந்த ஊகம் வேறு. அந்த வரிசையில் ஜெயிலை முதல் முறையாகப் பார்த்தவன் நான்தான் என்று நினைக்கிறேன். சந்தேக நபர்கூட அதற்குள் அந்தச் சுவர்களுக்குப் பழகியிருந்தான். எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. திருடன் முழி என்று ஊரில் சொல்வார்களே, அந்த முழி அன்றைக்கு என் முகத்தில்தான் இருந்திருக்கும். சாட்சிகள் நினைவில் உள்ள முகத்தை மட்டும் தேடுவதில்லை. எதிரில் நிற்பவர்களில் யார் அதிகம் பொருந்துகிறார் என்று ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். இதை அமெரிக்க உளவியலாளர் கேரி வெல்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். உண்மையான ஆள் வரிசையிலேயே இல்லாதபோதும், இருப்பவர்களில் நெருக்கமாகத் தெரிபவரைக் கை காட்டிவிடுவார்களாம்.

மூன்று முறை காட்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்குக் கட்டில் "மூன்று முறையும் சரியாக அடையாளம் காட்டினார்" என்ற வரியைப் படிக்கும்போது, மூன்று தனித்தனிச் சான்றுகள் இருப்பது போல ஒரு பலம் தெரியும். அந்தப் பலத்தை நான் நம்புவதில்லை. இரண்டாவது முறை அந்த அம்மா தேடியது செயின் பறித்தவனை இல்லை. சற்று முன் தான் தொட்ட என்னை. முதல் தொடுகையிலேயே அவர் மனதில் முகம் மாறிவிட்டது. மற்ற இரண்டும் முதலாவதன் நகல்கள். ஜெராக்ஸ் கடைக்காரன் வேறு எப்படிச் சொல்வேன்?

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இது: அந்த அணிவகுப்பு தோற்றுப்போகவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்த அம்மாவின் நினைவு நம்பத் தகுந்ததா என்று பார்க்கத்தான் எங்களையெல்லாம் நிறுத்தினார்கள். இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு வேளை முந்தின வாரம் ஸ்டேஷனில் யாராவது செல்போனில் அந்தப் பையன் படத்தை நீட்டி, "இவனாம்மா பாருங்க" என்று கேட்டிருந்தால்? அன்றைக்கு அதே அம்மா அதே உறுதியோடு அவனை மூன்று முறை தொட்டிருப்பார். செத்தாலும் மறக்க மாட்டேன் என்று அவனைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அது பலமான சாட்சியம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். அவன் உண்மையிலேயே செயினைப் பறித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. படத்தைக் காட்டியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் ஒரு வழி அடைபட்டிருக்கும்.

இது அப்படியே நடந்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1984-ல் வட கரோலினா மாநிலம் பர்லிங்டனில் ஜெனிபர் தாம்சன் என்ற கல்லூரி மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். தாக்கியவனின் முகத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நேரத்திலும் கவனமாகப் பார்த்தவர் அவர். போலீஸ் காட்டிய படங்களிலிருந்து ரொனால்ட் காட்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். பிறகு நேரடி அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். படத்திலும் வரிசையிலும் பொதுவாக இருந்தவர் காட்டன் ஒருவர்தான். காட்டனுக்குச் சிறைத் தண்டனை. 1987-ல் மறுவிசாரணை நடந்தபோது உண்மையான குற்றவாளியையே கோர்ட்டில் தாம்சன் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. 1995-ல் டிஎன்ஏ பரிசோதனை வந்துதான் காட்டன் வெளியே வந்தார். அப்போது அவர் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். முகம் எங்கே கசிகிறது என்று கேட்டால், ஜெயிலுக்கு வரும் முன்பே. நான் அடித்துக் கொடுத்த குறுக்கு விசாரணை நகல்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த மாதிரிதான். சாட்சி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து அறையில் பிடிபட்டவரை உட்கார வைத்திருக்கிறார்கள், கதவு திறந்திருக்கிறது. ரிமாண்டுக்கு அழைத்து வரும்போது கோர்ட் வராண்டாவில் சாட்சியும் நிற்கிறார். பறிமுதல் செய்த பைக்குகளுக்குப் பின்னால் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் பேப்பரில் வந்திருக்கிறது. பேப்பரில் வராவிட்டாலும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும், "உஷார் மக்களே" என்ற தலைப்போடு. வக்கீல் ஒரே கேள்விதான் கேட்பார்: "இவர் போட்டோவை அணிவகுப்புக்கு முன்னாடி பார்த்தீங்களா?" சாட்சி நேர்மையானவராக இருந்தால், "பார்த்தேன்" என்பார். அதோடு அணிவகுப்பு ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

உச்ச நீதிமன்றமும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. 2022-ல் கேரள வழக்கு ஒன்றில், கிரீசன் நாயர் வழக்கு என்பார்கள், சாட்சிகள் முன்பே குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பார்க்க வாய்ப்பு இருந்ததால் அணிவகுப்பை ஏற்கவில்லை. போலீசை வைத்துக்கொண்டு நடத்தும் அணிவகுப்பின் சிக்கலை 1955-லேயே ராம்கிஷன் வழக்கில் பேசியிருக்கிறார்கள். அணிவகுப்பு தனியாக நின்று தண்டனை தரும் சாட்சியம் இல்லை, கோர்ட்டில் சாட்சி நேரில் காட்டுவதுதான் மூலச் சாட்சியம், அணிவகுப்பு அதற்குத் துணை என்று மல்கான்சிங் வழக்கில் 2003-ல் சொன்னார்கள். இந்தத் துணை ஏன் முக்கியம் என்றால், கோர்ட்டில் கூண்டில் நிற்பவர் யார் என்று யாருக்குத்தான் தெரியாது? சம்பவம் நடந்து பல வருடம் கழித்து வரும் சாட்சி கூண்டைப் பார்த்துக் கை காட்டுவதில் என்ன சோதனை இருக்கிறது? ஆரம்பத்திலேயே நடந்த சுத்தமான அணிவகுப்பு ஒன்றுதான் அந்தக் கை காட்டலுக்கு உயிர் தரும்.

என் பார்வையில் நம் முறையில் பெரிய குறை ஒன்று உண்டு. வரிசையை நடத்துபவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியும். என்னைத் தொட்டபோது மாஜிஸ்திரேட் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றேன். அது அவருடைய கட்டுப்பாடு. எல்லாருக்கும் அது வராது. ஒரு நிமிர்வு, ஒரு பெருமூச்சு, "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்ற ஒரு வார்த்தை போதும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 2001-லேயே, யார் சந்தேக நபர் என்று தெரியாத அதிகாரியே கூடுமானவரை நடத்த வேண்டும் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் உடன் காட்டப்படுபவர்கள் குறைந்தது எட்டுப் பேர், அதுவும் இப்போது பெரும்பாலும் வீடியோவில். நம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54-ம் பிரிவு, அடையாளம் காட்டுபவர் மனநலக் குறைபாடோ உடல் குறைபாடோ உள்ளவராக இருந்தால் வீடியோப் பதிவு செய்யச் சொல்கிறது. அது நல்லதுதான். ஆனால் எல்லா அணிவகுப்பையும் பதிவு செய்தால் என்ன? கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதையே முழு நேரமும் வீடியோ எடுக்கிறோம்.

இன்னொரு சிக்கல் எங்கள் மாவட்டத்தைவிட கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாக ஓசூர்ப் பக்கம் அதிகம். சிப்காட்டை நம்பி வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊர். அவர்களில் ஒருவரைச் சந்தேகத்தில் பிடித்தால் உடன் யாரை நிறுத்துவது? தேன்கனிக்கோட்டைப் பையன்கள் நடுவில் ஒரு அசாம் பையனை நிறுத்தினால் அது வரிசையே இல்லை, விரலை நீட்டிக் காட்டுவதுதான். அவர் மாநிலத்து ஆட்களையே நிறுத்தினாலும் உள்ளூர்ச் சாட்சிக்கு எல்லாரும் ஒரே மாதிரி தெரிவார்கள். பழகாத இனத்து முகங்களைப் பிரித்தறிவதில் மனிதர்கள் தடுமாறுவார்கள் என்பது பல நாடுகளில் சோதித்து உறுதியான விஷயம். அதோடு அந்தத் தொழிலாளிக்கு, "ஆட்சேபணை உண்டா" என்று தமிழில் கேட்டால் புரியாது. மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள் என்று சொல்லக்கூட அவருக்கு ஆள் இல்லை. இந்த மாதிரி வழக்கில் முகத்தை மட்டும் நம்பாமல் பொருள் மீட்பு, சிசிடிவி, செல்போன் டவர் விவரம் ஆகியவற்றை முதலில் பார்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவன் திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது நினைக்கலாம். தருமபுரிக்காரன் அப்படி ஒரு பக்கமாகப் பேச முடியாது. அரூர் பக்கம் பழங்குடி கிராமமான வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் புகுந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் செய்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29-ல் இதே தருமபுரி கோர்ட்தான் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேர் மீது பாலியல் வன்முறை நிரூபணமானது. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூட்டமாக வந்த சீருடைக்காரர்களில் இன்னார்தான் என்று சொல்ல வேண்டிய சுமை, எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் பெண்கள் தலையில் விழுந்த வழக்கு அது. நேர்மையாக நடக்கும் அடையாளம் காட்டல் அந்த மாதிரிப் பெண்களுக்கும் பாதுகாப்பு. ஓட்டை வைத்து நடத்தினால் உண்மையான குற்றவாளியும் அந்த ஓட்டை வழியாகவே வெளியே போவான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். கடைக்கு வருபவர்களிடம் நான் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

பறிகொடுத்தவராகவோ பார்த்தவராகவோ இருந்தால், புகார் எழுதும்போதே ஆளின் அடையாளத்தை எழுதிவிடுங்கள். உயரம், உடல்வாகு, நிறம், தழும்பு, நடை, பேசிய மொழி எல்லாமே. ஹெல்மெட் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், முகம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். "அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள்" என்று மட்டும் எழுதி, பிற்பாடு முகத்தைத் துல்லியமாகக் காட்டினால் எந்த வக்கீலும் விட மாட்டார். வெளிச்சம் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். யாராவது போன் படத்தை நீட்டினால், "அணிவகுப்பு வைங்க, அங்கே பார்க்கறேன்" என்று பணிவாகச் சொல்லலாம். அதையும் மீறிக் காட்டிவிட்டால், மாஜிஸ்திரேட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொரு சாட்சியோடு உட்கார்ந்து முகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், அவர் உங்கள் மச்சானாகவே இருந்தாலும். வரிசைக்கு முன்னால் நிற்கும்போது, அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்று சொன்ன அந்தக் கல்லூரிப் பையனை யாரும் திட்டவில்லை.

பிடிபட்டவர் உங்கள் வீட்டுப் பையன் என்றால், அணிவகுப்பு வரும் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவன் முகம் வெளியே தெரியக் கூடாது. இதில் சொந்தக்காரர்களே செய்யும் கெடுதல் அதிகம். "எங்க பையன் அப்பாவி" என்று படத்தோடு ஸ்டேட்டஸ் போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்டேஷனில் படம் எடுத்திருந்தால், சாட்சியிடம் காட்டியிருந்தால், முதல் ரிமாண்டுக்கு அழைத்து வரும்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லச் சொல்லுங்கள். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதால் அந்த வாய்ப்புக் கட்டாயம் வரும். வக்கீல் மூலம் எழுத்தில் மெமோவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. பல மாதம் கழித்துச் சொன்னால் பின்யோசனை என்று தள்ளிவிடுவார்கள்.

கோபத்தில் அணிவகுப்புக்கு நிற்க மாட்டேன் என்று மறுப்பது பெரும்பாலும் நல்லதில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசன உரிமை இதற்குப் பொருந்தாது என்று 2023-ல் முகேஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் அந்த மறுப்பையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியும். முன்பே காட்டிவிட்டார்கள் என்பதுதான் காரணம் என்றால், அந்தக் காரணத்தைச் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். வரிசையில் வக்கீல் பக்கத்தில் இருக்க மாட்டார் என்று நினைத்துப் பையனைத் தயார் செய்யுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், சட்டை மாற்றித் தரக் கேட்கலாம், குட்டையானவரை வேண்டாம் எனலாம். அன்றைக்கு அந்தப் பையன் வாயைத் திறந்ததால்தான் ஆள் மாறினார். பேசாமல் நின்றிருந்தால் அவனுக்கு ஆட்சேபணை இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஜாமீன் விஷயத்தில் ஒன்று. "அடையாள அணிவகுப்பு இன்னும் நடக்கவில்லை" என்று அரசுத் தரப்பு ஆட்சேபிப்பதை வாரத்துக்குச் சில முறையாவது அடிக்கிறேன். இத்தனை நாளுக்குள் நடத்த வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. ஆனால் தாமதத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால் அணிவகுப்பின் மதிப்புக் குறையும். அதனால் சீக்கிரம் நடத்தக் கேட்டு வக்கீல் வற்புறுத்துவது ஜாமீனுக்கும் நல்லது, அணிவகுப்பின் நம்பகத்துக்கும் நல்லது.

என்னைப் போல வரிசையில் நிற்கக் கூப்பிட்டால் போங்கள். பயம் வேண்டாம். தொட்டாலும் உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் இருப்பவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். யார் சந்தேக நபர் என்று வேடிக்கை பார்க்கும் கண்களைச் சாட்சி பின்தொடர்ந்து போவார்.

குற்றப்பத்திரிகை வந்த பிறகு அணிவகுப்பு நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். வழக்கு ஆவணங்களின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசம், கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் தர வேண்டும். அதில் உடன் நின்றவர்களின் வயதைப் பாருங்கள். இருபது வயதுப் பையனோடு நாற்பது வயது ஆட்களை நிறுத்தியிருப்பதை நானே தட்டச்சு செய்யும்போது கண்டு வக்கீலிடம் காட்டியிருக்கிறேன். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பார்க்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். ரிமாண்ட் நாளிலேயே கூப்பிடுங்கள், அணிவகுப்பு முடிந்த பிறகு இல்லை.